பாலைவனப் பூவும் மருத்துவமனை வாசலும்: ஒரு திறனாய்வு

1. நூலும் அதன் வாசகரும்

சோமாலிய நாட்டில் பிறந்து இலண்டனுக்குக் குடிபெயர்ந்த வாரிஸ் டீரி என்னும் பெண்மணி, காத்லீன் மில்லர் என்பாரின் துணையுடன் எழுதி 1998-ல் வெளியிட்ட தன்வரலாற்று நூல் ‘டெசர்ட் ஃப்ளவர்’. ‘பாலைவனப் பூ’ என்பது இத்தலைப்பின் பொருள். ஆசிரியையின் பெயராகிய ‘வாரிஸ்’ என்னும் சொல்லுக்கும் சோமாலி மொழியில் அதுவே பொருள். பெண்களின் பிறப்புறுப்பை வெட்டிச் சிதைக்கும் வழக்கத்தைப் பற்றி, அதற்கு உள்ளான ஒருவரே உலகறியச் சொன்ன நூல்களுள் இதனைப் போலப் பரவலாக வாசிக்கப்பட்டவை மிகச் சில. 2009-ல் ஷெரி ஹோர்மன் என்பாரின் இயக்கத்தில், எத்தியோப்பியரான லியா கெபெடே நடிக்க, இது திரைப்படமாகவும் வெளிவந்தது.

இந்நூலை வாசித்தோரிடம் எது நினைவில் நிற்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் இரண்டு காட்சிகளைச் சொல்லுவர். ஒன்று, ஏறத்தாழ ஐந்து வயதுச் சிறுமியைத் தாயே அதிகாலையில் அழைத்துச் சென்று, இத்தொழிலைச் செய்யும் நாடோடிக் கிழவி ஒருத்தியின் கையில் ஒப்புவிக்கும் காட்சி. மற்றொன்று, இலண்டனில் உணவகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த அப்பெண், புகைப்படக் கலைஞர் டெரன்ஸ் டோனவன் எடுத்த படத்தின் வாயிலாக 1987ஆம் ஆண்டின் பிரெல்லி நாட்காட்டியில் இடம்பெற்று, பெரும்புகழ் அடையும் காட்சி. முதலாவது நம்மை நடுங்கச் செய்கிறது. இரண்டாவது நமக்கு ஆறுதல் தருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே சில பக்கங்களே கொண்ட மூன்றாவது காட்சி ஒன்று உண்டு. அது இலண்டனில் ஒரு மருத்துவமனையில் நிகழ்வது. நூலின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது என்பதும், வாசகராகிய நாம் அதனை விரைந்து கடந்துவிடுகிறோம் என்பதும், அவ்வாறு கடப்பதற்கு நூலின் அமைப்பும் ஓரளவு காரணமாகிறது என்பதும் இக்கட்டுரையில் நாம் நிலைநாட்ட விரும்பும் கருத்துகள்.

2. மருத்துவமனை இருந்தும் மருத்துவம் கிட்டாமை

உலகச் சுகாதார நிறுவனம் இவ்வழக்கத்தை நான்கு வகையாகப் பகுத்துள்ளது. அவற்றுள் மூன்றாம் வகையே மிகக் கொடியது. அதில் உறுப்பை வெட்டிய பின்னர், இருபுறத்துச் சதையையும் சேர்த்துத் தைத்து, சிறுநீரும் மாதவிலக்குக் குருதியும் கசிவதற்கு ஒரு சிறு துளையை மட்டும் விட்டுவைக்கின்றனர். வாரிஸ் டீரிக்கு நேர்ந்தது இதுவே. சோமாலியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 99 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைச் சிதைப்புக்கு உள்ளானவர்கள் என்று 2020-ல் வெளியான அந்நாட்டுச் சுகாதாரக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. உலகெங்கும் இவ்வாறு வாழும் பெண்களும் சிறுமியரும் 23 கோடிக்கு மேற்பட்டோர் என்பது யூனிசெஃப் நிறுவனம் 2024-ல் தந்த மதிப்பீடு. அவர்களுள் 14 கோடிக்கு மேற்பட்டோர் ஆப்பிரிக்காவிலும், 8 கோடிக்கு மேற்பட்டோர் ஆசியாவிலும் உள்ளனர்.

இவ்வழக்கத்தால் வரும் துன்பம் வெட்டப்பட்ட நாளோடு முடிந்துவிடுவதில்லை. சிறுநீர் கழிப்பதற்கே நெடுநேரமாகும், மாதவிலக்குக் குருதி உள்ளே தேங்கிப் பெருவலி தரும், தொற்றுகள் அடிக்கடி வரும், மகப்பேறு ஆபத்தாகும். உலகச் சுகாதார நிறுவனம் ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000-க்கு மேற்பட்ட மகப்பேறுகளை ஆராய்ந்து 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. மூன்றாம் வகைச் சிதைப்புக்கு உள்ளான தாய்மாரிடையே, பிறக்கும் வேளையிலோ பிறந்த சில நாள்களிலோ குழந்தை இறக்கும் வாய்ப்பு ஏனையோரைவிட 55 விழுக்காடு மிகுதி என்று அது கண்டது. ஆனால் இத்துன்பத்தில் ஒரு பகுதிக்கு எளிய மருத்துவம் உண்டு. தைத்து மூடிய இடத்தை, அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சிறு அறுவையால் திறந்துவிடலாம். வெட்டி எடுக்கப்பட்டது திரும்பாது. எனினும் சிறுநீரும் குருதியும் தடையின்றி வெளியேறும். மகப்பேற்றின் ஆபத்தும் குறையும்.

இதனை மனத்திற்கொண்டு வாரிஸ் டீரியின் இலண்டன் வாழ்வை வாசித்தல் வேண்டும். முதியவர் ஒருவருக்கு ஐந்து ஒட்டகங்களை விலையாகப் பெற்று மணமுடித்துக் கொடுக்கத் தந்தை முனைந்தபோது வீட்டைவிட்டு ஓடிய அச்சிறுமி, சோமாலியத் தூதராக இருந்த உறவினரின் வீட்டு வேலைக்காரியாக இலண்டன் வந்து சேர்ந்தார். அந்நகரிலோ பெயர்பெற்ற மருத்துவமனைகள் பல. ஆயினும் ஆண்டுக்கணக்கில் அவர் ஒவ்வொரு மாதமும் வலியால் துடித்துக் கிடக்கிறார். மாதவிலக்கு வலிக்காக அவர் கண்ட மருத்துவர், வலியின் காரணத்தைத் தேடாமல் கருத்தடை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார். மருத்துவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்த இரட்டை மௌனத்தை நூல் அலங்காரமின்றிச் சொல்லுகிறது. அதுவே அதன் வலிமை. அவர் சொல்லாததற்கு வெட்கம் மட்டுமே காரணமன்று. தம் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் உள்ள ஒன்றை நோய் என்று எவ்வாறு அழைப்பது? மருத்துவரிடம் அதைக் கூறுவதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? எல்லாப் பெண்களும் இவ்வாறு வெட்டப்பட்டவர்கள் அல்லர் என்பதையே அயல்நாட்டில்தான் ஒருத்தி அறிய நேரிடலாம். திரைப்படத்தில், ஆங்கிலத் தோழியின் வாயிலாக அவர் இதனை அறியும் காட்சி உருக்கமாக அமைந்துள்ளது. மருத்துவர் கேளாததற்கும் காரணம் உண்டு. தாம் படித்த பாடத்தில் இல்லாத ஒன்றை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆகவே கதவு திறந்திருந்தும், மருத்துவர் உள்ளே அமர்ந்திருந்தும், மருத்துவம் கிட்டவில்லை. மருத்துவமனை இருப்பது வேறு, மருத்துவம் கிட்டுவது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. நடுவில் நின்றவர்

இறுதியில் வாரிஸ் டீரி தம் நிலையை ஒரு மருத்துவரிடம் வெளிப்படுத்தும் துணிவைப் பெறுகிறார். இங்கேதான் நாம் குறிப்பிட்ட காட்சி வருகிறது. அவரோடு பேசுவதற்காக, அம்மருத்துவமனையில் பணியாற்றும் சோமாலியர் ஒருவரைத் தேடி அழைத்து வருகிறார்கள். வந்தவர் ஓர் ஆண். அவர் மருத்துவரின் சொல்லைப் பெயர்த்துரைப்பதோடு நிற்கவில்லை. அவ்வறுவையைச் செய்துகொள்வது தம் குலவழக்கத்துக்கு மாறானது என்று அவரைக் கண்டிக்கிறார். குடும்பத்தார் அறிவார்களா என்றும் வினவுகிறார். அந்தச் சொற்கள் போதுமானவையாயின. அப்பெண் அறுவை செய்துகொள்ளாமலே திரும்பிச் செல்கிறார். காலம் கடந்த பின்னரே மீண்டும் துணிந்து வருகிறார்.

திரைப்படம் இக்காட்சியை மேலும் கூர்மையாக்குகிறது. மருத்துவர் ஆங்கிலத்தில் பரிவோடு பேசுகிறார். நடுவில் நிற்கும் ஆண் செவிலியர், அதனைப் பெயர்த்துரைப்பவர்போலச் சோமாலி மொழியில் அவரை வெட்கப்படுத்துகிறார். திரையின் அடியில் ஓடும் எழுத்துகளால் பார்வையாளராகிய நமக்கு இரு மொழியும் விளங்குகின்றன. மருத்துவருக்கோ ஒன்றும் விளங்கவில்லை. தாம் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று அவர் நம்புகிறார். அவ்வறையில் நடப்பதை முழுமையாக அறிந்தவர்கள் அப்பெண்ணும், மொழிபெயர்ப்பவரும், திரையரங்கில் அமர்ந்திருக்கும் நாமுமே. ஒரு நல்ல மனிதர், நல்ல மருத்துவமனையில், நல்ல எண்ணத்தோடு, ஒரு பெண்ணைத் தம்மை அறியாமலே வெளியே அனுப்பிவிடுகிறார். திரைக்கலை இதனைச் செய்துகாட்டிய விதத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் பாராட்டோடு ஒரு குறையும் சொல்ல வேண்டும். திரைப்படம் அந்தச் செவிலியரைக் கொடியவராகக் காட்டி அமைகிறது. நம் கோபம் முழுவதும் அவர்மேல் பாய்ந்து ஓய்ந்துவிடுகிறது. அவரை அங்கே நிறுத்தியது யார் என்ற கேள்வியைப் படம் எழுப்பவில்லை. ஒரு பெண் தன் உடலின் மிக மறைவான துன்பத்தைச் சொல்ல வரும்போது, அதே மொழி தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக, அருகில் இருந்த ஆணொருவரை அழைத்து நிறுத்தியது மருத்துவமனை. அவளுடைய இனத்தார் என்றால் அவளுக்கு உரியவராகவே இருப்பார் என்று அது எண்ணிக்கொண்டது. அவளோ எந்த இனத்தாரின் கண்ணுக்கு அஞ்சி இத்தனை ஆண்டுகள் வாய்மூடி இருந்தாளோ, அந்த இனத்தாரின் கண் அவளுக்கு முன்பாகவே அவ்வறையில் வந்து நின்றது. ‘துபாஷி’ என்று நம் முன்னோர் அழைத்த இருமொழியாளர் எக்காலத்திலும் வெறுங்குழாய் அல்லர். இரு பக்கத்தாரின் அதிகாரமும் அவர் நாவில் சந்திக்கின்றது. அதனை மறந்த நிறுவனத்தின் பிழை, கண்டித்த தனிமனிதரின் பிழையைவிடச் சிறியதன்று.

4. நூலின் குறைபாடு

இத்துணை ஆழமான காட்சியை எழுதிய நூல், அதனை ஏன் பின்தொடர்ந்து செல்லவில்லை? அதன் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். பாலைவனத்தில் தொடங்கி ஐக்கிய நாடுகள் அவையில் முடியும் வெற்றிக் கதையாக நூல் வடிவமைக்கப்பட்டுள்ளது. 1997-ல் வாரிஸ் டீரி ஐக்கிய நாடுகளின் சிறப்புத் தூதராக நியமிக்கப்பெற்றார். நூலின் ஓட்டம் அந்நியமனத்தை நோக்கியே செல்கிறது. இத்தகைய கதையில் துன்பம் பிறந்த நாட்டுக்குரியது. விடுதலை வந்துசேர்ந்த நாட்டுக்குரியது. நடுவில் நிகழ்ந்த மருத்துவமனைக் காட்சியோ இக்கோட்பாட்டுக்கு இடையூறாக நிற்கிறது. வந்துசேர்ந்த நாட்டிலும் அவர் கைவிடப்பட்டார் என்று அது சாட்சி சொல்லுகிறது. எனவே கதை அதனை ஒரு தடங்கலாக மட்டுமே கொண்டு, கடந்து செல்லுகிறது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தில் தங்குவதற்கான உரிமைச் சீட்டுக்காக ஆசிரியை பட்ட பாடுகளை நூல் விரிவாகச் சொல்லுகிறது. அச்சீட்டுக்காகவே நிகழ்ந்த பொய்த் திருமணங்களையும் அது மறைக்கவில்லை. மருத்துவருக்காகப் பட்ட பாட்டையும் சொல்லுகிறது. ஆனால் இவ்விரண்டையும் தனித்தனிக் கதைகளாகவே சொல்லிச் செல்லுகிறது. உண்மையில் குடியேறிய ஏழைப் பெண்ணின் வாழ்வில் இவை ஒரே கதை. தங்கும் உரிமை உறுதிப்படாதவள் எந்த அலுவலகத்திலும் தன் பெயரை எழுதிக்கொடுக்க அஞ்சுவாள். மருத்துவமனையும் அவளுக்கு ஓர் அலுவலகமே.

இதனால் நூலின் மதிப்புக் குறைகிறது என்று நாம் கூறவில்லை. தம் வாழ்வை எழுதியவரிடம், பிறருடைய வாழ்வையும் ஏன் எழுதவில்லை என்று கேட்பது முறையன்று. நம் குறை வாசிப்பைப் பற்றியது. வெட்டப்படும் சிறுமியை மட்டும் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு நூலை மூடும் வாசகர், அச்சிறுமி வளர்ந்து, தம் ஊர் மருத்துவமனையில் வரிசையில் அமர்ந்திருக்கும்போது அவளை அடையாளம் காணமாட்டார். நம் இரக்கம் பாலைவனத்திலேயே தங்கிவிடுகிறது.

5. சட்டமும் அச்சமும்

நூலில் சொல்லப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் பின்னர் நிலைமை மாறிவிட்டதல்லவா என்று வாசகர் கேட்கலாம். பலவகையில் மாறியுள்ளது. கானா நாட்டவரான எஃபுவா டோர்கெனூ போன்றோரின் உழைப்பால், பிரிட்டனில் 1985-லேயே இவ்வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 2003-ல் வந்த புதிய சட்டம், சிறுமியரை வெளிநாட்டுக்குக் கொண்டுசென்று வெட்டுவதையும் குற்றமாக்கியது. இங்கிலாந்திலும் வேல்சிலும், 18 வயதுக்கு உட்பட்டவரிடம் இச்சிதைப்பைக் கண்டறியும் மருத்துவரும் செவிலியரும் ஆசிரியரும் காவல்துறைக்கு அறிவித்தாக வேண்டும் என்பது 2015 அக்டோபர் முதல் கட்டாயம். இதற்கென்றே தனி மருத்துவப் பிரிவுகளும் தோன்றின. மருத்துவச்சியான கம்ஃபர்ட் மோமோ 1997-ல் இலண்டனில் தொடங்கிய ஆப்பிரிக்கப் பெண்களுக்கான நலப்பிரிவு அவற்றுள் ஒன்று. குடும்பத்தாரைக் கொண்டு மொழிபெயர்க்கச் செய்யலாகாது என்று மருத்துவ வழிகாட்டு நெறிகள் இன்று அறிவுறுத்துகின்றன.

சிறுமியரைக் காக்கும் சட்டம் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் ஏற்கெனவே வெட்டப்பட்டு வளர்ந்த பெண், மருத்துவமனை வாசலில் நின்று எண்ணிப் பார்ப்பதையும் நாம் எண்ண வேண்டும். ‘என்னைச் சோதிப்பவர் எனக்கு மருந்து தருவாரா, அல்லது என் மகளைப் பற்றி விசாரிப்பாரா?’ என்று அவள் கேட்டுக்கொள்ளுகிறாள். பிரிஸ்டல் நகரில் வாழும் சோமாலியக் குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று, பாதுகாப்பு என்ற பெயரில் மருத்துவமனையிலும் பள்ளியிலும் தாங்கள் குற்றவாளிகளைப் போல நடத்தப்பட்டதாக அவர்கள் உணர்ந்ததைப் பதிவு செய்துள்ளது. இவ்வழக்கத்தைத் தாங்களே வெறுத்துக் கைவிட்டவர்களும் அவ்வாறே உணர்ந்தனர் என்பது கருதத்தக்கது.

அச்சம் நோயாளியோடு நிற்கவில்லை. மகப்பேற்றின்போது திறக்கப்பட்ட இடத்தில் குருதியை நிறுத்தத் தையல் போட்ட இலண்டன் மருத்துவர் ஒருவர்மீது, மீண்டும் தைத்து மூடினார் என்று வழக்குத் தொடரப்பட்டது. இச்சட்டத்தின்கீழ் பிரிட்டனில் நடந்த முதல் வழக்கு அதுவே. 2015-ல் நடுவர் குழுவினர் அரைமணி நேரத்துக்குள் அவரைக் குற்றமற்றவர் என்று தீர்த்தனர். தீர்ப்பு நீதியாக இருந்தும், இத்தகைய வழக்கைக் கேள்விப்பட்ட இளம் மருத்துவர் அப்பெண்களைத் தொடவே தயங்கினால் நாம் வியப்படைய முடியாது.

கட்டணத்தின் நிலையோ விந்தையானது. 2015ஆம் ஆண்டின் விதிகளின்படி, இச்சிதைப்பால் விளைந்த நோய்க்கு இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில், தங்கும் உரிமை அற்றவருக்கும் சிகிச்சை இலவசம். அச்சிகிச்சைக்காகவே பயணம் செய்து வந்தவராக மட்டும் இருத்தலாகாது. புகலிடம் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்போருக்கு எந்தச் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. ஆனால் புகலிடம் மறுக்கப்பட்டோரும் உரிமைச் சீட்டு இல்லாதோரும் மகப்பேற்றுக்குப் பொதுவாகக் கட்டணம் செலுத்த வேண்டும். அதுவும் வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு. கட்டாத கடன் 500 பவுனும் அதற்கு மேலும் ஆகி இரண்டு மாதம் கடந்தால், குடியேற்றத்தைக் கவனிக்கும் உள்துறைக்கு அது தெரிவிக்கப்படலாம். மகப்பேற்று மருத்துவத்தை மறுக்கவோ தாமதப்படுத்தவோ கூடாது என்று விதி கூறுகிறது. எனினும் பின்னால் வரும் கடன்சீட்டை நினைத்து அவளே தாமதித்து வந்தால் அதனை எந்த விதி தடுக்கும்? தைத்த இடத்தைத் திறப்பதற்கு ஏற்ற காலம் பேற்று வலி தொடங்குவதற்கு முன்பே. அவளோ வலி கண்ட பின்னரே வருகிறாள். காயத்துக்கு இலவசம், அக்காயத்தின் வழியே பிறக்க வேண்டிய குழந்தைக்குக் கட்டணம் என்று பிரித்த விதி, ஒரே உடலை இரண்டாகப் பிரித்துவிட்டது. வாரிஸ் டீரியின் நூல் தனித்தனியே சொன்ன இரண்டு கதைகளும் இவ்விடத்தில் ஒன்றாவதை நாம் காண்கிறோம்.

6. திருச்சபை முன்பே கண்ட கதை

மருத்துவமனைக்கும் பெண்ணுக்கும் நடுவே வேறொருவர் வந்து நிற்பது இலண்டனில் புதிதாகத் தோன்றியதன்று. அருட்பணி வரலாறு கற்போர் இதனை முன்பே கண்டிருப்பர். அன்று நடுவில் நின்றது திருச்சபையே. கென்யாவில் கிக்குயூ மக்களிடையே பணியாற்றிய ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனும் வேறு சில மிஷன்களும், பெண்களை வெட்டும் வழக்கத்தைக் கைவிடுவதாக உறுதி கூறும்படி 1929-ல் தம் சபையாரைக் கட்டாயப்படுத்தின. மறுத்தோர் சபையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் விலக்கப்பட்டனர். பெருந்திரளானோர் வெளியேறித் தனிப் பள்ளிகளையும் தனிச் சபைகளையும் அமைத்துக்கொண்டனர். அவ்வழக்கத்தின் தீமையை மிஷன் மருத்துவர்கள் சரியாகவே அறிந்திருந்தனர். ஆனால் அறிவு கட்டளையாக வந்தபோது, வெட்டப்படுதல் ஓர் இனத்தின் தன்மானத்துக்கு அடையாளமாகிவிட்டது.

இப்பூசலைப் பின்னணியாகக் கொண்டு கூகி வா தியாங்கோ எழுதிய ‘தி ரிவர் பிட்வீன்’ என்னும் நாவல் 1965-ல் வெளிவந்தது. வாரிஸ் டீரியின் நூலோடு இதனை ஒப்பிட்டு வாசிப்பது நமக்குப் பயன் தரும். இந்நாவலில் முத்தோனி என்னும் இளம்பெண், தான் கிறிஸ்தவளாகவும் தன் குலத்தின் பெண்ணாகவும் ஒருங்கே விளங்க விரும்பி, வெட்டிக்கொள்ளும் சடங்குக்குத் தானே செல்கிறாள். அவள் தகப்பன் யோசுவா கிறிஸ்தவப் போதகர். அவர் அவளைத் தம் மகளே அல்லள் என்று விலக்கிவிடுகிறார். காயம் சீழ்பிடித்து அவள் நலிகிறாள். இறுதியில் பிறர் அவளை மிஷன் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கின்றனர். அங்கே அவள் இறந்துபோகிறாள்.

அம்மருத்துவமனையில் மருந்து இருந்தது. அவள் வீட்டில் கிறிஸ்தவ விசுவாசமும் இருந்தது. ஆயினும் விலக்கப்பட்ட மகள், தன்னை விலக்கியவர்களைச் சேர்ந்த இடத்துக்கு உரிய காலத்தில் எவ்வாறு செல்வாள்? தீமையைக் கண்டித்த சரியான சொல், தீங்குற்றவளின் வழியை அடைத்தது. வாரிஸ் டீரியின் நூலில் வழக்கத்தைக் காக்கும் ஆண் நடுவில் நிற்கிறார். கூகியின் நாவலில் வழக்கத்தை எதிர்க்கும் ஆண் நடுவில் நிற்கிறார். இருவரும் எதிரெதிர்க் கொள்கையினர். ஆனால் இருவருமே அப்பெண் பேசும்முன் அவளுக்குத் தீர்ப்பு வழங்கியவர்கள். கொள்கை சரியாக இருப்பதால் மட்டும் நாம் தடையாக நிற்கமாட்டோம் என்று எண்ணிவிட இயலாது என்பதையே இவ்விரண்டு நூல்களும் சேர்ந்து போதகராகிய நமக்குக் கற்பிக்கின்றன.

7. சொல்லும் செவியும்

சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்புக் கூறுதல் தகும். இவ்வழக்கத்தைச் சிலர் ‘பெண் விருத்தசேதனம்’ என்று எழுதுவதுண்டு. திருமறை வாசிப்போருக்கு இச்சொல் உடன்படிக்கையின் அடையாளத்தை நினைவூட்டுவது. ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தில் அது ஆண்மக்களுக்கே கற்பிக்கப்பட்டது. பெண்களை வெட்டும்படி திருமறையில் எங்கும் கட்டளை இல்லை. இருந்தும் எகிப்திலும் எத்தியோப்பியாவிலும் எரித்ரேயாவிலும் கிறிஸ்தவக் குடும்பங்களிடையே இவ்வழக்கம் இருந்து வந்துள்ளது. ஆகவே இதனை வேறொரு சமயத்தாரின் குற்றமாக மட்டும் சுட்டிக்காட்டும் உரிமை நமக்கில்லை. ‘சிதைப்பு’ என்னும் சொல் சட்டத்துக்கும் அறிவுரைக்கும் ஏற்றது. அதன் கடுமையை நாம் குறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அப்பெண்ணின் முகத்துக்கு நேரே ‘நீ சிதைக்கப்பட்டவள்’ என்று சொல்லி உரையாடலைத் தொடங்குவது வேறு. அவள் தன் மொழியில் அதற்கு என்ன பெயர் சொல்லுகிறாளோ அதைக் கேட்டு, அப்பெயராலேயே பேசத் தொடங்குவது நல்ல மருத்துவரின் வழக்கம். மேய்ப்பருக்கும் அதுவே நெறி.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் வரும், பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் வருந்திய பெண்ணின் நிகழ்ச்சியைப் போதகர் இங்கே நினைவுகூர்வது இயல்பு. அதனைக் குணமாக்கிய அற்புதமாகவே நாம் பெரும்பாலும் பிரசங்கிக்கிறோம். ஆனால் குணம் கிடைத்த பின்னரும் அந்நிகழ்ச்சி முடியவில்லை. அவள் உண்மை அனைத்தையும் சொல்லுகிறாள், ஆண்டவர் கேட்கிறார். யவீருவின் மகள் சாகுந்தறுவாயில் இருந்த அவசரத்திலும், அவர் நின்று கேட்டார். அவளுக்காக வேறொருவர் பேசவில்லை. பல மருத்துவரிடம் பொருளனைத்தையும் செலவழித்தும் அவளுக்குக் கிட்டாதவற்றுள் இதுவும் ஒன்று என்று நாம் கருதுகிறோம்.

கிறிஸ்தவ மருத்துவப்பணி இவ்வழியில் செல்லக்கூடும் என்பதற்குச் சான்று இல்லாமல் இல்லை. பெர்லின் நகரில் அட்வெண்டிஸ்ட் திருச்சபையைச் சார்ந்த வால்ட்ஃபிரீடே மருத்துவமனையில், வாரிஸ் டீரியின் அறநிறுவனத்தோடு இணைந்து 2013-ல் ஒரு நலப்பிரிவு தொடங்கப்பட்டது. நூலின் பெயரையே அது தாங்கியுள்ளது. அறுவை மருத்துவமும் அறிவுரையும் அங்கே ஒரே இடத்தில் கிடைக்குமாறு செய்தனர். எழுதப்பட்ட காட்சி ஒன்றுக்கு, எழுதியவரே பின்னர் செயலால் தந்த மறுமொழி என்று இதனைக் கொள்ளலாம். நூலின் கடைசிப் பக்கத்தில் கிடைக்காத முடிவு இங்கே கிடைக்கிறது.

நம் மாணவருக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. மருத்துவமனைகளில் ஆறுதற்பணி செய்யப்போகிறவரும், அயல்நாடுகளில் குடியேறியோரின் சபைகளில் ஊழியஞ் செய்யப்போகிறவரும் நம்முள் உள்ளனர். சபையாருக்காக மொழிபெயர்க்கும்படி போதகர் மருத்துவமனைக்கு அழைக்கப்படுவது புதிதன்று. அன்போடு செய்யும் அந்த உதவியே சிலவேளை சுவராகிவிடக்கூடும். ஞாயிறுதோறும் தன்னைக் காண்கிறவர், தன் கணவனையும் மாமியாரையும் அறிந்தவர், அருகில் நின்றால் ஒரு பெண் எதைச் சொல்லுவாள், எதை மறைப்பாள்? ஆகவே அவளையே தனித்துக் கேட்க வேண்டும்: யார் உடனிருப்பதை அவள் விரும்புகிறாள் என்று. தன் வட்டத்தைச் சாராத, பயிற்சி பெற்ற பெண் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறும் உரிமை அவளுக்கு உண்டென்று சொல்லி, மருத்துவமனையும் அதனைத் தரும்வரை வற்புறுத்திவிட்டு, அறைக்கு வெளியே காத்திருப்பதும் மேய்ப்புப் பணியே.

வாரிஸ் டீரியின் நூல் குறைகள் உடையதாயினும், நம் நூலகங்களில் இருக்க வேண்டிய நூல். அதனை வாசிப்போர் பாறைகளுக்கு நடுவே அழும் சிறுமிக்காகக் கண்ணீர் விட்டுத் தீர்த்துக்கொள்ளாமல், மருத்துவர் அறையிலிருந்து சொல்லாமல் திரும்பிச் சென்ற இளம்பெண்ணோடும் சிறிது தூரம் நடத்தல் வேண்டும். அவள் மீண்டும் துணிந்து வருவதற்குக் காலம் பிடித்தது. அவளைப் போன்ற பலர் மீண்டும் வராமலே இருந்திருக்கக்கூடும். அவர்கள் எழுதாத நூல்களையும் நினைவில் இருத்தியே இந்த ஒரு நூலை நாம் மதிப்பிடுகிறோம்.